மொரோ என்ற பெயருக்கு ஓர் உம்மா

மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் என் கைக்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உம்மா சொல்லி நீ அறிந்து தனியே சிரிப்பதை விட, என்னோடு சேர்ந்து சிரிப்பது மரியாதை. அன்றைக்கு நான் சலூனில் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு இருந்தேன். முகத்தின் ஒரு பக்கம் வழித்தாயிற்று, மறுபக்கம் சவுக்கார நுரை. வலைக்கடையில் என்னைக் காணாத தபால்காரர் அங்கேயே வந்துவிட்டார். உறையைத் தூக்கிப் பிடித்து, பின்பக்கத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டி, “காக்கா, ஆரு இந்த மொரோ? பிரான்சில ஒங்களுக்கு ஆரு வெள்ளக்காரன்?” என்று கேட்டார். ஏழெட்டுப் பேர் திரும்பினார்கள். கண்ணாடிக்குள் நானும் என்னைப் பார்த்தேன். “அது வல விக்கிற கம்பெனிக்காரன். நைலோன் நூல் அனுப்புறன் எண்டு கரச்சல் குடுக்கிறான்” என்றேன். பின்னால் இருந்த மீன்காரர் ஒருவர், “அப்ப எனக்கும் ரெண்டு கட்டுச் சொல்லி வையுங்க” என்றார். “ஓம், வரட்டும், பாப்பம்” என்றேன். பெற்ற மகனை நூல்கட்டு ஆக்கிவிட்டு மற்றப் பக்கத்தையும் வழித்துக்கொண்டு வந்தேன். இப்போது நாலு பேர் தினமும் கடைக்கு வந்து, பிரான்ஸ் நூல் வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள்.

உறைக்குள் இரண்டு செய்திகள் இருந்தன. முதலாவது நல்லது. மொரிசியஸ் நாட்டு முஸ்லிம் குடும்பத்துப் பெண், தொழுகையாளி, உன்னைக் கட்டச் சம்மதம். எங்கள் சம்மதத்தையும் கேட்டிருக்கிறாய். உன் பாஸ்போர்ட்டுப் பெயர் இரவல் பெயர் என்பதும் அவளுக்குத் தெரியும் என்கிறாய். அது வரைக்கும் உம்மா சிரித்த முகத்தோடுதான் கேட்டாள். பிறகு நீ உன் கையால் பிரதி எடுத்து அனுப்பிய மற்றக் கடிதத்தை எடுத்தேன். போன மாதம் நீ பாஸ்போர்ட்டைப் புதுப்பித்ததும், அந்தத் தகவல் பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு அலுவலகம் வரை போயிருக்கிறது. ஐந்து வருடமாக மாதம் தவறாமல் அந்த வாசலில் போய் நின்ற ஒரு தாயிடம், உங்கள் மகன் பாரிசில் இருக்கிறார், இதுதான் விலாசம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் உனக்கு எழுதியிருக்கிறார்.

“தம்பி, எண்பத்து மூணு ஜூன்ல கொழும்புக்குப் போறேன், ரெண்டு மாசத்துல வந்துடுறேன்னு சொல்லிட்டுப் போனே. எல்லாரும் மாதா கோயில்ல உன் பேருக்குப் பூசை வைக்கச் சொன்னாங்க. நான் வைக்கல. அது செத்தவங்களுக்குத்தானே. என் மேல கோபம்னா கோபமாவே ரெண்டு வரி எழுது. உன் கையெழுத்தப் பாத்தாப் போதும். அடுத்த மாசம் உன் பெரியம்மா மகன் அங்க வர்றான். அவன்கிட்ட முகத்தக் காட்டு.”

உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்துவிட்டு, “முகம் சரிதான், ஒரு மாதிரி ஒத்திருக்கு. கையெழுத்துக்கு அந்தப் புள்ள எங்க போவான்?” என்றாள். அந்தப் புள்ள என்று அவள் சொன்னது உன்னையா, மற்றவனையா என்று நான் கேட்கவில்லை. நான் என்ன பதில் போடட்டும் வாப்பா, என்று நீ கேட்டிருக்கிறாய். எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் அந்தப் பெயரை உனக்குக் கொண்டுவந்து தந்தவன் நான். நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

நீ மறந்திருக்கமாட்டாய். எண்பத்தைந்தில் நமக்கும் தமிழருக்கும் கலவரம் வந்து, காரைதீவு வீதி மூடிக் கிடந்து, திறந்து, திரும்பவும் மூடிய காலம். கோமாரிப் பக்கம் வலைக்காரர்களிடம் சரக்குக் கொடுத்துவிட்டு நீ வந்த பஸ்ஸை இரண்டு இடத்தில் மறித்தார்கள். முதல் இடத்தில் பெயர் கேட்டார்கள், சொன்னாய், ஏறு என்றார்கள். நாலு கட்டை தூரம் தள்ளி வேறு ஆட்கள் பெயர் கேட்டார்கள், அதே பெயரைச் சொன்னாய், இறக்கி அடித்தார்கள். கிழிந்த சட்டையோடு வந்து கடை வாங்கில் உட்கார்ந்து, “வாப்பா, ஒரே பேர்தானே சொன்னன்” என்றாய். நான் ஏதோ பகிடி சொல்லி உன்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. நீ சிரிக்கவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த வாரமே கொழும்புக்குப் போய் ஒரு ஏஜெண்டிடம் அந்தப் பாஸ்போர்ட்டை எடுத்துவந்தேன். படத்தை மாற்றவேண்டிய தேவை இருக்கவில்லை. அதே நெற்றி, அதே மூக்கு, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சரித்த அதே நிற்பு. உம்மா படத்தைப் பார்த்த உடனேயே கேட்டாள், “இவன் ஆர்ர புள்ள?” என்று. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு தமிழ்ப் பையன், யாருக்கோ விற்றுவிட்டான் என்றேன். நீ கண்ணாடி முன்னால் நின்று தலையை இன்னும் கொஞ்சம் சரித்துப் பழகினாய். உம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

பெயரை இரவல் வாங்கும் பழக்கம் நம் வீட்டுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லவேண்டும். எழுபத்தெட்டுச் சூறாவளி நம் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது உனக்குப் பதினாலு வயது. நிவாரண வரிசையில் வீட்டுக்கொரு தார்ப்பாய் விரிப்புத்தான் கொடுத்தார்கள். நான் ஒருமுறை என் பெயருக்கும், மறுமுறை முன்பே மவுத்தாகிப் போன என் தம்பி பெயருக்குமாக வரிசையில் நின்று இரண்டு வாங்கிவந்தேன். வீடு நனையவில்லை. கெட்டிக்காரன் என்று நானே என்னைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பத்து நாள் கழித்து, தம்பியின் பெண்சாதி வந்தாள். புருசன் பெயருக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். “மச்சான், அவர் வந்து எடுத்துட்டுப் போனாராம். ஒங்கக்கிட்ட வந்தாரா?” என்று கேட்டாள். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. நான் விரிப்பை மடித்துக் கொடுத்தேன். செத்தவன் பெயரை எடுத்தால் அதன் பின்னாலேயே உயிரோடு ஒரு ஆள் வந்து வாசலில் நிற்கும். அதை அன்றைக்கே படித்திருக்கவேண்டும். நான் எதையும் ஒருமுறையில் படித்தவன் அல்ல. நாலாம் வகுப்பையே இரண்டு வருடம் படித்தேன்.

பாஸ்போர்ட்டோடு ஏஜெண்ட் ஒரு தட்டச்சுத் தாளும் தந்தாரே, அதை இன்னும் வைத்திருக்கிறாயா? மொரோ என்ற பெயரோடு பிரான்சில் பேரெடுத்தவர்களின் பட்டியல். எயார்போர்ட்டில் நிற்பவன் சிரித்துக்கொண்டு, அந்தப் பாடகி உங்கள் சொந்தமா என்று கேட்பானாம். அந்த நேரம் முழித்தால் முடிந்ததாம். பனி நாட்டில் சண்டை பிடித்து, வென்று, காய்ச்சலில் படுத்துச் செத்த தளபதி ஒருவர். குதிரைகளை மட்டுமே வரைந்த ஓவியர் ஒருவர். கப்பல்காரர்களுக்குக் கொள்ளைநோய் பார்த்து அதே நோயில் போன டாக்டர். அந்தப் பாடகி. கடைசியாக, பலூனில் ஏறிய ஒருவர். ஏறியது தாளில் இருந்தது, இறங்கியது இருக்கவில்லை. இதில் எது மெய், எது ஏஜெண்ட் கட்டிய கதை என்று இன்று வரை எனக்குத் தெரியாது. வலைகளுக்கு நடுவே நாம் இருவரும் உட்கார்ந்து அகராதி வைத்துப் பாடமாக்கினோம். நான்தான் வெள்ளைக்கார ஒபிசர். வயிற்றை முன்னால் தள்ளி, தூண்டில் பெட்டியை மேசையாக்கி, “மிஸ்டர் மொரோ, குதிர கீறினவர் ஒங்களுக்கு என்ன முறை?” என்று கேட்பேன். “மாமாட மாமா, சேர்” என்பாய். அந்த மூன்று கிழமையும் நாம் அப்படித்தான் சிரித்தோம்.

அந்த நாளில்தான் நான் பெரிய பிழை செய்தேன். “வாப்பா, இந்தப் பேர் வாப்பாட வழியில வாறதா, உம்மாட வழியிலயா?” என்று நீ கேட்டாய். நான் யோசிக்கவே இல்லை. “இதென்ன கேள்வி? குடும்பப் பேர் எண்டா நம்மட குடி மாதிரித்தானே. குடி உம்மாட வழியிலதான் வரும்” என்றேன். நம் ஊரில் அப்படித்தான். நீ உன் உம்மாவின் குடி. நான் என் உம்மாவின் குடி. ஒரே குடிக்குள் பெண் எடுக்கமாட்டோம். பள்ளிவாசலை நடத்தக் குடிக்கொரு மரைக்கார் இருக்கிறார். உலகமே கல்முனைக்குடி போல நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு, உம்மாவிடமிருந்து வந்த பெயர் என்று சொல்ல உன்னைப் பழக்கினேன். பிரெஞ்சில் அந்த ஒரு வசனத்தை நீ நாற்பது தரம் சொன்னாய். தடக்காமல் சொல்லும் வரை நான் விடவில்லை.

நீ போய் எட்டாம் நாள் வீதி திறந்தது. காரைதீவிலிருந்து நம் இங்கிலீஷ் மாஸ்டர் தூண்டில் நூல் வாங்க வந்தார். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். பாடமாக்கிய விதத்தையும் பெருமையாகச் சொன்னேன். அவர் நூலைக் கீழே வைத்தார். “காக்கா, தாய்வழிக் குடி உங்கட ஊருலயும் எங்கட ஊருலயும்தான். அங்க குடும்பப் பேர் தகப்பன்ட வழியல்லோ. தாய்ட பேர் எண்டு பொடியன் சொன்னா, அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருவானுகள்” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேற்றுவதற்காக வேறொன்றும் சொன்னார். மொரோ என்றால் ஆதியில் மூர் என்ற ஆப்பிரிக்க முஸ்லிமைப் போலக் கறுத்தவன் என்று அர்த்தமாம். “உங்கட ஆக்களையும் அரசாங்கத்தில மூர் எண்டுதானே பதியிறாங்க. பேர் வீட்டுக்குத்தான் வந்திருக்கு” என்றார். சிரிக்கவேண்டிய இடம். அவர் கீழே வைத்த நூலை எடுத்து இரண்டு தரம் அளந்து கொடுத்தேன். அதிலிருந்து பதினொரு நாள் கடையில் என்ன செய்தேன் என்று தெரியாது. மிதவை கேட்டவருக்கு ஈயக்குண்டு கொடுத்தேன். ஜீப் சத்தம் கேட்டாலே, உன்னைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று எழுந்து நின்றேன். உம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நாள் உன் முதல் கடிதம் வந்தது. “வாப்பா, உங்கட பாடம் பாஸ்” என்று எழுதியிருந்தாய். பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒபிசர் உண்மையாகவே கேட்டானாம். உம்மாவிடமிருந்து என்றாயாம். அவன் தன் தாள்களைப் பார்த்தானாம், தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு கிடந்ததாம். சரி, போ என்று விட்டுவிட்டானாம். என் முட்டாள்தனம் உன்னைக் காப்பாற்றியது. நான் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வாசித்துக் காட்டி, பார்த்தாயா என் கெட்டித்தனத்தை என்று உம்மாவிடம் நெஞ்சை நிமிர்த்தினேன். உம்மா எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, “அப்ப அவனுக்கு உம்மா மட்டுந்தான் இரிக்கா” என்றாள். அவ்வளவுதான். மூன்று வருடமாக அந்த ஒரு வரியைச் சுற்றிக்கொண்டுதான் இந்த வீட்டில் நடக்கிறோம், நடுவீட்டில் ஒரு கிணறு இருப்பது போல.

இப்போது பதிலுக்கு வருகிறேன். முதல் நாள் உனக்கு வேறொரு கடிதம் எழுதினேன். அவருடைய கடிதத்தைக் கிழி, அறையை மாற்று, அந்தப் பெரியம்மா மகன் வந்தால் ஆளில்லை என்று சொல்லச் சொல், கல்யாணத்தை வேளைக்கு முடி என்று எழுதினேன். ஒரு வரி எழுதி அனுப்பினாலும் பரவாயில்லை, பாவம் சந்தோசப்பட்டுக்கொள்ளட்டும் என்றும் எழுதினேன். உம்மா வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். “நீ மவுத்தாகி, ஒன்ட பேருல வேறொருத்தன் எனக்குக் காயிதம் போட்டா, நான் எத்தின வருஷம் வாசலப் பாத்துட்டு இரிப்பன் தெரியுமா எண்டு மகனுக்கு எழுதுங்க” என்றாள். அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன். இது இரண்டாவது.

அவருக்குப் பதில் எழுது. ஆனால் மகனாக ஒரு எழுத்தும் எழுதாதே. பெரியம்மா மகன் வந்து கதவைத் தட்டுவதற்கு முன் எழுது. உன் சொந்தப் பெயரைப் போட்டு, என் பெயரையும் போட்டு, இந்த மனுசன்தான் உங்கள் மகனின் பாஸ்போர்ட்டை எடுத்துத் தந்தவன் என்று எழுது. இதனால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டால் உன்னைப் பிடிக்கலாம், திருப்பி அனுப்பலாம். இங்கே நிலைமை நீ போனபோது இருந்ததை விடக் கெட்டது. சந்திக்குச் சந்தி வேறு வேறு உடுப்பில் ஆட்கள் நிற்கிறார்கள், எல்லோரும் கேட்பது பெயரைத்தான். உன்னை அந்தச் சந்திகளுக்குத் திரும்ப அழைப்பது போலத்தான் இதை எழுதுகிறேன். பேனாவை மூன்று தரம் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணிடமும் கல்யாணத்துக்கு முன்பே எல்லாவற்றையும் சொல். பெயர் இரவல் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தால் போதாது. அந்தப் பெயருக்காகக் காத்திருக்கும் ஒரு தாய் இருக்கிறார் என்பதும் தெரியவேண்டும். அவள் திருமதி மொரோ ஆவாள், நாளைக்குப் பிள்ளைகளும் மொரோ ஆகும். என் பேரப்பிள்ளைகள் தாளில் அந்தத் தாயின் பேரப்பிள்ளைகளாக நிற்கும். தெரிந்துகொண்டும் வருகிறேன் என்றால், அவளை விட நல்ல மருமகள் எனக்கு வேண்டாம். மாட்டேன் என்றால் அவளைக் குறை சொல்லாதே.

அந்தத் தாய்க்கு எழுத உனக்கு ஓர் உண்மை வேண்டும். அது உன்னிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது. பாஸ்போர்ட்டை யாரோ விற்றுவிட்டான் என்று உங்கள் இருவருக்கும் நான் சொன்னது பொய். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில், நல்ல பகல் நேரத்தில், ஏஜெண்ட் அதை மேசையில் விரித்து வைத்தார். “படத்தப் பாருங்க. தேடித் திரிஞ்சாலும் இப்படி ஒரு பொருத்தம் கிடைக்காது” என்றார். இது யாருடையது என்று கேட்டேன். “பாண்டிச்சேரிப் பொடியன். எண்பத்து மூண்டுல வந்து லொட்ஜில நிண்டவன். ஜூலையில லொட்ஜ எரிச்சாங்கதானே. பேக் மட்டும் கீழ மனேஜர்ட அறையில தப்பிக் கிடந்திச்சு” என்றார். ஆள் என்ன ஆனான் என்று கேட்டேன். அவர் தேத்தண்ணியை ஊதிக் குடித்துவிட்டு, “பாஸ்போர்ட் மேசையில கிடக்கு, நீங்க ஆளக் கேக்கிறீங்க” என்றார். “ஆரும் தேடி வரமாட்டாங்களா?” என்றேன். “வாறதெண்டா இம்மட்டுக்கும் வந்திருப்பாங்க” என்றார். அந்த லொட்ஜ் இருந்த தெருவின் பெயரைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதை அவருக்கு அனுப்பு. அவர் இனிப் பூசை வைக்கட்டும்.

ஒரு மவுத்தைக் கேள்விப்பட்டால் என்ன ஓதவேண்டும் என்று உனக்கு ஆறு வயதில் சொல்லிக் கொடுத்தவன் நான். அன்றைக்கு அந்த மேசைக்கு முன்னால் அது என் வாய்க்கு வரவில்லை. படத்தில் இருந்த நெற்றியைப் பார்த்தேன், மூக்கைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை இனி வரமாட்டான் என்று முழுதாக விளங்கிய அந்த நிமிடத்தில், நான் வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் நன்றியாகச் சொன்ன ஒரே சொல் அல்ஹம்துலில்லாஹ்.